ஆண்மை என்னும் ஒரு சொல்

ஒரு நாட்டின் வரலாறு அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் மட்டும் நிகழ்வதன்று, சொற்களுக்குள்ளும் நிகழ்கின்றது. அரசர் மாறுவர், ஆட்சி மாறும், மாவட்டத்தின் எல்லையும் மாறும். சொல் மட்டும் எழுத்து மாறாமல் நிற்கும். அதன் பொருளோ நாம் அறியாமலே மாறியிருக்கும். அவ்வாறு பொருள் மாறிய சொற்களுள் ஒன்று 'ஆண்மை'. அச்சொல்லைப் பற்றி 1927, 1928 ஆகிய ஈராண்டுகளில் தமிழ்நாட்டில் எழுந்த இரண்டு குரல்களை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விரும்புகின்றேன். அவற்றுள் ஒன்று, நான் வாழும் மாங்காட்டிற்கு அண்மையிலுள்ள சிற்றூரில் பிறந்த ஒருவருடையது. மற்றொன்று ஈரோட்டில் பிறந்த ஒருவருடையது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தாளாண்மை, வேளாண்மை, மேலாண்மை முதலிய சொற்களை நீங்கள் அறிவீர்கள். இவற்றின் ஈற்றில் நிற்கும் 'ஆண்மை', 'ஆள்' என்னும் அடியிலிருந்து பிறந்தது. ஆளும் தன்மை, கைக்கொண்டு நடத்தும் தன்மை என்பது அதன் பொருள். தாளாண்மை என்பது விடாமுயற்சி. வேளாண்மை என்பது திருக்குறளில் பிறர்க்கு உதவும் பண்பைக் குறிக்கின்றது. பிற்காலத்தில் உழவுக்கு அது பெயராயிற்று. மேலாண்மை என்பது ஒரு நிறுவனத்தை நடத்தும் திறன். இச்சொற்களுள் எதற்கும் மீசை இல்லை. நாற்று நடுபவரும் களை பறிப்பவரும் பெரும்பாலும் பெண்களாகவே இருக்க, அத்தொழிலுக்கு வேளாண்மை என்றே நாம் பெயர் வழங்குகின்றோம்.

தனியே நிற்கும் 'ஆண்மை' என்னும் சொல்லுக்குத்தான் வேறு கதை நேர்ந்தது. அது ஓர் அளவுகோலாயிற்று. அழுதால் ஆண்மை இல்லை. அஞ்சினால் ஆண்மை இல்லை. மனைவி சொற்கேட்டால் ஆண்மை இல்லை. அடுக்களையில் கால் வைத்தால் ஆண்மை இல்லை. தோற்றவனைப் பார்த்து, "வளையல் போட்டுக்கொள்" என்றனர். இந்த ஏச்சு ஒரே வீச்சில் இருவரைப் புண்படுத்துகின்றது. கேட்பவனைத் தாழ்த்துகின்றது, வளையல் அணிந்த குலம் முழுவதையும் தாழ்வின் அடையாளமாக்குகின்றது.

அந்நியர் ஆட்சி இவ்வளவுகோலுக்கு மேலும் வலிவூட்டிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்திய மக்களுள் சில இனத்தாரே போருக்கு உரியவர், ஏனையோர் மெலியர் என்னும் கொள்கையை ஆங்கிலப் படைத்தலைவர்கள் பரப்பினர். 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் என்பார், தென்னாட்டு வீரரைப் பற்றித் தாழ்ந்த எண்ணமே கொண்டிருந்தார். பின்னர்ப் படைக்கு ஆள் எடுப்பது வடமேற்கு நோக்கித் திரும்பியது. "நீங்கள் ஆண்மையற்றவர், ஆதலால் ஆளப்படுகின்றீர்கள்" என்பது அக்கொள்கையின் உட்பொருள். இதைக் கேட்டு வளர்ந்த இளைஞர் பலர், ஆண்மையை மெய்ப்பிப்பதே விடுதலைக்கு வழி என்று எண்ணினர். காந்தியடிகளே இளமையில், புலால் உண்டு உடல் வலிவு பெற்றால் ஆங்கிலேயரை வெல்லலாம் என்று நண்பர் ஒருவர் கூறியதை நம்பி, வீட்டாருக்குத் தெரியாமல் புலால் உண்டதைத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அதே காந்தியடிகள் பிற்காலத்தில் எதைக் கையில் எடுத்தார்? வாளை அன்று, பெண்கள் வீட்டில் சுழற்றிய இராட்டையை எடுத்தார். வழக்கறிஞரும் வணிகரும் நிலக்கிழாரும் நூல் நூற்க அமர்ந்தனர். ஆண்மையின் பழைய இலக்கணத்தில் அன்றே ஒரு விரிசல் விழுந்தது.

அந்தக் கதர் இயக்கத்தில் தமிழ்நாட்டில் தோளோடு தோள் நின்றவர்களே நான் முதலிற் குறிப்பிட்ட இருவரும். ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார், மற்றவர் ஈ.வெ. இராமசாமி.

கலியாணசுந்தரனார் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26-ஆம் நாள், பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த துள்ளம் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று தண்டலம் என வழங்குவது அவ்வூரே. மாங்காட்டிலிருந்து குன்றத்தூர் செல்வதும், அங்கிருந்து தண்டலம் செல்வதும் எங்களுக்குப் பக்கத்துத் தெருவுக்குச் சென்று வருவது போன்றது. இளமையில் கைகால்கள் முடங்கும் நோயால் அவருடைய பள்ளிப்படிப்புத் தடைப்பட்டது. பின்பு தேறிப் படித்து, வெஸ்லியன் கல்வி நிலையத்தில் தமிழாசிரியராயினார். 1917-இல் அப்பணியைத் துறந்து 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியரானார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் துணைத்தலைவருள் ஒருவராக விளங்கினார். 1920-இல் 'நவசக்தி'யைத் தொடங்கினார்.

அவருடைய இல்வாழ்க்கை குறுகியது. 1912-இல் கமலாம்பிகை அம்மையாரை மணந்தார். பிறந்த குழந்தைகள் இருவரும் மறைந்தனர். 1918-இல் அம்மையாரும் மறைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. அக்காலத்தில் மனைவியை இழந்த ஆடவன் ஓராண்டுக்குள் மறுமணம் செய்வது இயல்பு. கணவனை இழந்த சிறுமி ஆயுள் முழுதும் கைம்மை காப்பது விதி. கலியாணசுந்தரனார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால் கைம்பெண்ணின் மறுமணத்திற்கு வாதாடினார். தமக்கு வேண்டாத ஓர் உரிமையைப் பிறர்க்குக் கேட்டவர் அவர்.

1927-இல் அவர் 'பெண்ணின் பெருமை அல்லது வாழ்க்கைத் துணை' என்னும் நூலை வெளியிட்டார். அந்நூல் அக்காலத்தில் திருமணங்களில் பரிசாக வழங்கப்பெற்ற நூல். பெண்ணுக்குக் கல்வி வேண்டும், உரிமை வேண்டும் என்று வாதிடும் நூல்கள் அதற்கு முன்னும் உண்டு. இந்நூலின் தனிச்சிறப்பு வேறு. பெண்மை என்பது உடலின் பெயரன்று, பண்பின் பெயர் என்றார் ஆசிரியர். அன்பு, பொறுமை, தன்னலமறுப்பு ஆகியவற்றின் திரட்சியே பெண்மை; அது தாய்மையாக மலர்ந்து, இறைமையில் நிறைவெய்தும். ஆகவே ஆடவனும் தன்னுள் பெண்மையை வளர்த்தல் வேண்டும் என்பது அவர் கருத்தின் போக்கு. வளையலைக் காட்டி ஏசிய நாட்டில், அவ்வளையற் கையின் பண்பைப் பெற்றாலன்றி நீ முழுமனிதன் ஆகமாட்டாய் என்று ஆடவனிடமே கூறிய குரல் அது.

இனி ஈரோட்டுக் குரலைக் கேட்போம். இராமசாமி செல்வ வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். ஈரோட்டு நகரசபைத் தலைவராக இருந்தவர். காங்கிரசில் சேர்ந்த பின் கதர் மூட்டையைத் தோளிற் சுமந்து விற்றார். 1921-இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது, அவர் சிறை சென்றபின் அதனை முன்னின்று நடத்தியவர்கள் அவருடைய மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் ஆவர். வீட்டுப் பெண்களை வீதிக்கு அனுப்பினான் என்ற பழிச்சொல் வரும் என அறிந்தும் அவர் தடுத்தாரில்லை.

இவ்விரு நண்பர்களும் பிரிந்த இடம் காஞ்சிபுரம். மாங்காட்டில் தவம்செய்த அன்னை காமாட்சி, காஞ்சிக்குச் சென்று இறைவனோடு கூடினாள் என்பது எங்கள் ஊரின் புராணம். அதே காஞ்சியில், 1925-ஆம் ஆண்டு நவம்பரில் கூடிய தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாட்டில் கூடியிருந்தோர் பிரிந்தனர். தலைமை தாங்கியவர் கலியாணசுந்தரனார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தை இராமசாமி கொண்டுவர முயன்றார். தலைவர் அதற்கு இடந்தரவில்லை. இராமசாமி மாநாட்டினின்றும் காங்கிரசினின்றும் வெளியேறினார். அவர் அவ்வாண்டே தொடங்கியிருந்த 'குடி அரசு' இதழ் அதன்பின் சுயமரியாதை இயக்கத்தின் முரசாயிற்று.

அவ்விதழில் 1928-இல் அவர் ஆண்மையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அது பின்னர் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலில் இடம்பெற்றது. பெண் விடுதலை வேண்டுமாயின் 'ஆண்மை' அழிய வேண்டும் என்பதே அதன் முடிபு. துணிவும் விடுதலையுணர்வும் மனித இனத்திற்குப் பொது. அவற்றுக்கு ஆண்மை என்று பெயர் சூட்டியவுடனே அவை ஆணின் உடைமையாகிவிட்டன. பெண்ணுக்கு எஞ்சியவை அச்சமும் அடக்கமுமே. ஆகவே சொல்லே சூழ்ச்சி என்றார் அவர். இன்னும் ஒன்று கேட்டார். பூனையால் எலிக்கு விடுதலை கிட்டுமா? ஆண்கள் முன்னின்று நடத்தும் பெண் விடுதலை முயற்சிகளைக் குறித்துத் தாமும் ஓர் ஆணாக இருந்து அவர் எழுப்பிய ஐயம் அது. பத்தாண்டுகள் கழித்து, 1938-ஆம் ஆண்டு நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் அவருக்குப் 'பெரியார்' என்னும் பட்டத்தை வழங்கியது. மாநாட்டுத் தலைவர் மறைமலையடிகளின் மகளார் நீலாம்பிகை அம்மையார்.

இரு குரல்களையும் ஒப்பிட்டு நோக்குங்கள். கலியாணசுந்தரனார் கடவுள் நம்பிக்கையில் ஊறியவர். பெரியார் அதனை மறுத்தவர். ஒருவர் பெண்மையை ஆடவனுக்கும் ஊட்ட விரும்பினார். மற்றவர் ஆண்மை என்னும் கருத்தையே ஒழிக்க விரும்பினார். ஒழுக்கம் இருபாலார்க்கும் ஒன்றே என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டனர். ஒவ்வொருவர் கொள்கையிலும் கேட்கத்தக்க வினா ஒன்று உண்டு. பெண்ணைத் தாயென்றும் தெய்வமென்றும் போற்றுவது அவளை உயர்த்துமா, அன்றித் தாயாக விரும்பாதவளையும் தாயாக இயலாதவளையும் புறத்தே நிறுத்துமா? இது கலியாணசுந்தரனாரை நோக்கிய வினா. சொல்லை அழித்துவிட்டால் அதன் இடத்தில் ஒரு சிறுவனுக்கு எதைக் கொடுப்பது? இது பெரியாரை நோக்கியது. இவ்விரு வினாக்களுக்கும் விடை நூல்களில் மட்டும் இல்லை.

சில விடைகளை மனிதர் தம் வாழ்க்கையால் எழுதினர். புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டுமே பயின்ற அவ்வூர் மகாராசா கல்லூரியில் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. அதைக் கடந்து 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணக்க இசைந்தபோது அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது. அந்நிபந்தனைக்கு உடன்பட்ட ஆடவரைப் பற்றி அக்கால உலகம் என்ன பேசியிருக்கும் என்பதை நீங்களே உய்த்துணரலாம். அம்மையார் 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். அவர் பெயரை நாடு அறியும். அவர் வழியில் குறுக்கிடாத அந்தக் கணவரின் பெயரும் வரலாற்றுக்கு உரியதே.

சட்டங்களும் மெல்ல மாறின. 1929-ஆம் ஆண்டு பிப்பிரவரியில், செங்கற்பட்டில் சுயமரியாதை இயக்கத்தாரின் முதல் மாகாண மாநாடு கூடியது. பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்துரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானித்தனர். கேட்டவர் பலர் நகைத்தனர். அத்தீர்மானம் தமிழ்நாட்டுச் சட்டமாவதற்கு 1989 வரை, அதாவது அறுபது ஆண்டுகள் ஆயின. இந்தியா முழுமைக்கும் அவ்வுரிமை வந்தது 2005-இல். ஆண், பெண் என்னும் இரு கூற்றுள் தம்மை அடக்க இயலாதவர்களையும் அரசு கண் திறந்து பார்த்தது. 2008-இல் திருநங்கையர்க்கெனத் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் அமைந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்தம் அடையாளத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது.

சட்டம் மாறியது, சொல் மாறிற்றா? இதற்கு விடைகூற, முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு ஓரளவு உரிமை உண்டு. 1990-க்குப் பின் சில ஆண்டுகள், நான் உதவி ஆசிரியனாக இருந்த காலம். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் பயின்றான். அவன் தாய் நோயுற்றுப் படுக்கையில் இருந்தாள். விடியலில் தெருக்குழாயடியில் பெண்களின் வரிசையில் நின்று தண்ணீர் பிடிப்பான், சோறு வடிப்பான், தங்கைக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அழைத்து வருவான். தோழர் சிலர் அவனுக்கு ஒரு பெண்பெயர் சூட்டிக் கூவி அழைத்தனர். அவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். நான்காம் நாள் அவன் வீட்டிற்குச் சென்றேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். "வேலை கஷ்டமா இல்ல சார். அந்தப் பேருதான் கஷ்டமா இருக்கு" என்றான்.

மறுநாள் திருக்குறள் வகுப்பு. குடிசெயல்வகை என்னும் அதிகாரத்தை எடுத்துக்கொண்டேன். அங்கே வள்ளுவர் நல்லாண்மைக்கு இலக்கணம் கூறுகின்றார். பகைவனை வீழ்த்துவது என்று கூறவில்லை. மீசையைப் பற்றியும் பேசவில்லை. தான் பிறந்த குடியை ஆளும் பொறுப்பைத் தன்னதாக்கிக்கொள்வதே நல்லாண்மை என்கின்றார். அதற்கு அவர் இட்ட பெயர் இல்லாண்மை. பொருளை விளக்கிவிட்டு, "இவ்வகுப்பில் இல்லாண்மை உடையவர் யார்?" என்று கேட்டேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவன் அம்மாணவனின் பெயரைச் சொன்னான். சூட்டிய பெயரை அன்று, அவனுடைய சொந்தப் பெயரை. அன்றோடு ஏளனம் ஒழிந்தது என்று கூறமாட்டேன், குறைந்தது. அவன் பள்ளிக்குத் திரும்பினான்; பத்தாம் வகுப்பை முடித்தே சென்றான்.

இந்நிகழ்ச்சியை எண்ணும்தோறும் 1927, 1928 ஆகிய ஈராண்டுகளின் குரல்களும் என் நினைவிற்கு வருகின்றன. அவனைப் புண்படுத்தியது ஒரு சொல். ஆண்மை என்னும் சொல்லுக்குள் கொடுமை ஒளிந்திருக்கின்றது என்ற பெரியாரின் கூற்றுக்கு அவன் கண்ணீரே சான்று. அவனை அக்குடும்பத்தின் தூணாக நிறுத்தியதோ அன்பும் பொறுமையும் தன்னலமறுப்பும். பெண்மை ஆடவனிடத்தும் வளர்தல் வேண்டும் என்ற கலியாணசுந்தரனாரின் கூற்றுக்கு அவன் கைகளே சான்று. ஒரு குரல் சுமையை இறக்கிற்று; மற்றொன்று வலிவை ஊட்டிற்று. காஞ்சி மாநாட்டில் பிரிந்த இருவரும் அச்சிறுவனின் அடுப்பங்கரையில் ஒன்றுகூடினர் என்றே நான் கருதுகின்றேன்.

ஆண்மையின் அளவுகோலால் துன்புறுவோர் பெண்கள் மட்டும் அல்லர். ஓவியத்திலும் கோலத்திலும் மனம் தோயும் சிறுவன், விளையாட்டுத் திடலில் ஒதுங்கி நிற்கும் சிறுவன், மெல்லிய குரலுடையவன், எளிதில் கண்ணீர் விடுபவன் ஆகிய அனைவரையும் அது வகுப்பின் மூலையில் நிறுத்துகின்றது. நம் நாடகமேடையோ அவர்களை ஒதுக்கவில்லை. பாலர் சபைகளில் பெண்வேடம் தாங்கிய சிறுவர் பலர் பின்னாளில் பெருநடிகராயினர். சிவாஜி கணேசனும் சீதையாக மேடையேறியவரே. தி.க. சண்முகம் ஔவையாராக நடித்த சிறப்பால் 'அவ்வை' என்பதே அவர் பெயரோடு ஒட்டிற்று. ஒரு கிழவியின் பெயரைத் தம் பெயருக்கு முன் சூடிக்கொள்வதில் அவர் பெருமையே கொண்டார். சென்னையில் ஒரு நெடுஞ்சாலையே அப்பெயரைத் தாங்கி நிற்கின்றது.

எங்கள் ஊர்க் கோயிலுக்கு வருவோர், ஐந்து தீக்களின் நடுவே ஊசிமுனையில் ஒற்றைக்காலூன்றித் தவம்செய்த அன்னையை வணங்குகின்றனர். நெஞ்சுரம், விடாப்பிடி, தீயிலும் அசையாத உறுதி ஆகியவற்றைத்தானே ஆண்மை என்கின்றோம்? அவற்றைப் பெண்ணுருவில் கண்டு நாம் கைகூப்புகின்றோம். பக்கத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பாடிய கண்ணப்பரோ வில்லேந்திய வேடர். தாய் குழந்தைக்கு ஊட்டுவது போல, இறைச்சியை மென்று சுவை பார்த்து இறைவனுக்கு ஊட்டியவர். அவரையும் வணங்குகின்றோம். கோயிலுள் இவ்விரண்டையும் ஏற்றுக்கொண்ட நாம், தெருவில் மட்டும் வேறு அளவுகோலைக் கையில் எடுப்பது ஏன்?

மாணவர்களே, மாணவியரே! 'பெண்ணின் பெருமை', 'பெண் ஏன் அடிமையானாள்?' ஆகிய இரண்டு நூல்களையும் நூலகத்திற் கேட்டு வாங்கி, அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்றைப் படித்து மற்றொன்றை விட்டுவிடாதீர்கள். படித்தபின், 'ஆண்மை' என்று முடியும் சொற்கள் எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரேயும், உங்கள் வீட்டிலும் தெருவிலும் அப்பண்பு யாரிடம் உள்ளது என்று பெயரெழுதுங்கள். தாளாண்மைக்கு எதிரே உங்கள் பாட்டியின் பெயர் வரலாம். இல்லாண்மைக்கு எதிரே உங்கள் அண்ணன் பெயர் வரலாம். அப்பட்டியலை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வகுப்பில் படித்துக் காட்ட அவர் இசைவார்.